அடுப்பு காற்று வாங்கும் நேரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாண வரவேற்பில் கிடைத்தது. செம்பூரில் ஒரு கிளப்பின் புல்வெளி. கூட்டம் வருவதற்கு வெகு முன்பே போய்விட்டேன். சீக்கிரம் போய்விட்டால் ஓரமாக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம்.

புல்வெளியின் கடைசியில் ஒரு கிரில் அடுப்பு நின்றது. கேஸில் எரிவது, நான்கு பர்னர் உள்ளது, நெடுக்காகப் பிளந்த பீப்பாய் மாதிரி மூடி போட்டது. அதன் முன்னால் ஒரு பெண் வந்தாள். முக்காட்டின் முனைகளை ஏப்ரனுக்குள் இறுக்கிச் செருகியிருந்தாள். மூடியை முழுக்கத் திறந்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றாள்.

பிறகு காகிதக் கைக்குட்டையில் ஒரு கீற்றைக் கிழித்துத் தூக்கிப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். குனிந்து சிலிண்டரிலிருந்து வரும் ட்யூபை முழு நீளத்துக்கும் விரலால் தடவிக்கொண்டே போனாள். ரெகுலேட்டரை மெதுவாகத் திறந்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வரவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டாள். பக்கவாட்டில் ஒதுங்கி நின்றாள். முகம் அடுப்புக்கு மேலே போகவே இல்லை. நீண்ட லைட்டரின் சுடரை முதலில் பர்னருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அதற்குப் பிறகுதான் ஒரே ஒரு திருகைத் திருப்பினாள். பிடித்தது. நீலச் சுடர். அது நிலைத்து எரிவதைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை.

கதை எழுதுகிறவனுக்கு ஏதாவது நடந்தாக வேண்டும். நடக்காமல் பார்த்துக்கொள்கிறவர்கள் எங்கள் பக்கங்களுக்குள் வருவதே இல்லை. அன்று இரவு விருந்தில் அவள் சுட்ட மீனைச் சாப்பிட்டவர்கள் மீனைப் பாராட்டினார்கள். யாரும் அவள் பற்றவைத்ததைப் பாராட்டவில்லை. அதை யாராவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் இது.

அவளோடு நான் பேசவில்லை. பெயரும் கேட்கவில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை. பற்றவைக்கிற விதம் மட்டும் அவளுடையது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"தாராவியின் தோல் நாற்றத்துக்கு நடுவே வாழ்க்கைப்பட்டு வந்த சஃப்ரீன், அன்று காலை—"

நிறுத்திவிட்டேன். தாராவியை மூக்கில் தொடங்குகிறவர்கள் எல்லாம் ரயிலில் அதைக் கடந்து போகிறவர்கள். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த வாசனை தெரிவதே இல்லை.

"நெருப்புக்குப் பயப்படாத பெண் அவள்."

பொய். நான் பார்த்த பெண் நன்றாகப் பயந்தவள். பயத்தை ஒரு வேலைமுறையாக மாற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் கண்டு வியந்ததே அதுதான்.

"மூடி மூடியிருந்தது."

இது நல்ல தொடக்கம். ஆனால் இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது. கிரில் அடுப்பில் மூடி மூடியிருக்கும்போது கேஸைத் திறந்தால் அது வெளியே போக வழியில்லாமல் உள்ளே சேரும். சேர்ந்த பிறகு ஒரு பொறி போதும். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். அந்த வாக்கியத்தைப் பின்னால் பார்ப்போம்.

3

சஃப்ரீன் என்றே இருக்கட்டும். முப்பதைத் தாண்டியவள். கணவன் உஸாமா குர்லாவில் ஓர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காருகிறவன். மாமனார் உதுமான் மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். வீடு சுனாபட்டியில், ரயில்வே கேட்டிலிருந்து கூப்பிடு தூரம், முன்னால் அகலமான சிமெண்ட் வாசல்.

(மாமியாரையும் வைத்திருந்தேன். முதல் வரைவு முழுக்க அவர் சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

சஃப்ரீன் அந்தக் கிளப்பில் கிரில் கவுண்டரைப் பார்த்துக்கொண்டவள். கிளப்பில் புது அடுப்பு வந்தபோது பழையதை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். வீட்டு வாசலில் அதை இறக்கிய அன்றே முழுக்கப் பிரித்துப் போட்டாள். பர்னர் குழாய்களில் ஒன்றுக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. சிலந்திக்கு கேஸ் வாசனை பிடிக்கும் என்று கிளப்பில் சொல்வார்கள். கூடு குழாயை அடைத்தால் நெருப்பு வரவேண்டிய இடத்தில் வராமல் பின்னால் திரும்பி திருகுப் பக்கம் வரும். மெல்லிய பிரஷ்ஷை விட்டுக் குழாயைச் சுத்தம் செய்தாள். சிலந்தியை ஒரு காகிதத்தில் ஏற்றிக் காம்பவுண்டுச் சுவரில் விட்டாள். வெடித்துப்போயிருந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுப் புதியது மாட்டினாள்.

அவள் நினைத்திருந்தது சின்ன விஷயம். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் அந்த வாசலில் மீனும் கோழியும் சுட்டுக் கொடுப்பது. ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்து போகிறவர்கள் நின்று வாங்கிப் போவார்கள். கிளப்பில் அடுத்தவர் அடுப்பின் முன்னால் நின்றது போதும், இனி நம் அடுப்பு என்று ஓர் எண்ணம்.

உறவுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வீட்டுப் பெண் வாசலில் நின்று ஊராருக்குச் சுட்டுப் போடுவதா என்று ஆளுக்கு ஒரு போன். உதுமான் ஒருவர்தான் அவள் பக்கம் நின்றார்.

"என் வாசலு, என் மருமவ. ஒங்களுக்கு எங்க எரியுது?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தவர், அவளிடம் திரும்பிச் சொன்னார்: "பாரு புள்ள, எல்லார்ட்டயும் மொறச்சிக்கிட்டு நிக்கேன். எனக்குத் தலகுனிவு மாதிரி ஒரு பேச்சு வந்துச்சுன்னு வையி, அன்னையோட கட பந்த்."

"வராது மாமா."

"வராதுன்னுதான் நானும் நெனைக்கேன்."

அவளுடைய அடுப்பு அவருடைய மரியாதையின் மேல் நின்றுகொண்டிருந்தது. கதைக்கு இது போதும் என்று அப்போது நினைத்தேன்.

4

திறப்புக்கு முந்தின நாள் பற்றவைத்துப் பார்த்தார்கள். வெயிலுக்காக உதுமான் வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டி, அடுப்பை அதன் அடியில் இழுத்து வைத்திருந்தார். சஃப்ரீன் வந்ததும் அதை மறுபடி வெளியே இழுத்தாள்.

"வெயில்லயா நிக்கப் போற? கறுத்துப் போயிருவ."

"நான் கறுத்தாப் பரவால்ல மாமா. தார்ப்பா கறுத்துச்சுன்னா அதோட போச்சு."

உதுமான் மகனைப் பார்த்தார். "வாய் இருக்குடா இவளுக்கு" என்றார். தாடிக்குள் சிரிப்பு இருந்தது.

சுவரிலிருந்தும் தள்ளி, காற்று முதுகுப் பக்கமாக வரும்படி அடுப்பைத் திருப்பி வைத்தாள். மூடியைத் திறந்தாள். நான் புல்வெளியில் பார்த்ததையெல்லாம் இங்கேயும் செய்தாள். அதை மறுபடி எழுதவில்லை; வேண்டுமானால் மேலே போய் இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள், தப்பில்லை. அவள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான் செய்கிறாள்.

முதல் பர்னர் பிடிக்கும் நேரத்தில் காற்று ஒன்று குறுக்கே வந்தது. சுடர் அணைந்தது. உடனே திருகை மூடி, சிலிண்டரையும் மூடிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"அரே யார், திரும்ப அடி" என்றான் உஸாமா.

"இரிங்க மச்சான்."

"எதுக்கு?"

"உள்ள நின்ன கேஸு போவட்டும். அஞ்சு நிமிஷம் அடுப்பு காத்து வாங்கட்டும்."

"அது காத்து வாங்குத வரைக்கும் நான் என்ன பண்ண?"

"நீங்க போயி மல்லித்தழ வாங்கிட்டு வாங்க."

உதுமான் சத்தமாகவே சிரித்துவிட்டார். உஸாமா போகவில்லை, போனை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நானும் அவளோடு நிற்கலாம் என்றிருந்தது. ஒருவர் அவசரப்படாமல் நிற்பதைப் பார்ப்பதில் எனக்குக் கிடைக்கும் நிம்மதியை வேறு யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

காத்திருந்த நேரத்தில் அவள் உள்ளே போய் சிவப்பு நகப்பாலிஷ் கொண்டுவந்தாள். நான்கு திருகுகளிலும் ஒரு பொட்டு வைத்தாள். நான்கு பொட்டும் உச்சியில் நின்றால் நான்கும் மூடியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

உதுமான் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "இதுல எதத் தெறந்தா சாலு, ஓட ஆரம்பிக்கும்?"

"மொதல்ல இங்க, சிலிண்டர்ல, மாமா. அப்புறம் இந்தத் திருகு. அமுக்கி இடது பக்கமாத் திருப்பணும்."

அவர் அக்கறையாகக் கேட்டது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு திருகை அவரையே அமுக்கித் திருப்பச் சொன்னாள். சிலிண்டர் மூடியிருந்தது. திருகு 'டக்' என்று நகர்ந்தது. அவர் அதைச் சின்னப் பொருளொன்றை வாங்கிப் பார்ப்பதுபோல் இரண்டு முறை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

5

இங்கே உதுமானைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

முதல் வரைவில் அவர் கல். மருமகளின் அடுப்பை அணைக்க வழி தேடுகிறவர். அப்படி எழுதுவது சுலபம், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் தார்ப்பாய்ப் பேச்சுக்கு அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான் திட்டமிடவில்லை. எழுதிய பிறகு அடிக்கவும் மனம் வரவில்லை. அப்படிச் சிரிக்கிறவர் கெடுதல் செய்ய மாட்டார். செய்தால் பிரியத்தில் செய்ய வேண்டும்.

என்ன பிரியம், என்ன தப்பு என்று தெரியாமல் கதை வெகு நாள் அப்படியே கிடந்தது. ஒருநாள் அவரைப் பட்டறைக்குள் அனுப்பிப் பார்த்தேன். அங்கே கிடைத்தது.

உதுமானின் பட்டறையில் புதுத் தையல் மெஷின் வந்தால் அதற்கு ஃபாத்திஹா ஓதுவார்கள். ஓதும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஊசியில் நூல் கிடையாது, கீழே தோல் கிடையாது, வெறும் ஓட்டம். ஓதும் ஹஜ்ரத்தின் குரலோடு மெஷினின் சத்தமும் சேர்ந்து கேட்கும். "நிக்கிற இரும்புல துஆ எறங்காது. சாலுல இருக்கணும்" என்பார் உதுமான். ஆமீன் சொன்ன பிறகுதான் நூல் கோத்து முதல் தையல்.*

(* வேறு பட்டறைகளில் இந்த வழக்கம் உண்டா, எனக்குத் தெரியாது. உதுமானின் பட்டறையில் உண்டு. அவரே என் கற்பனை என்பதால் மறுத்துச் சொல்ல ஆளில்லை.)

கிரில் அடுப்பும் அவருக்கு ஒரு மெஷின்தான். மருமகளுக்காக ஊரோடு முறைத்துக்கொண்டு நிற்பதற்குப் பலனாக அதில் பரக்கத், இறைவனின் அருள், இறங்க வேண்டும். நெருப்பு முதல் தையல் மாதிரி. அது துஆவுக்குப் பிறகு. கேஸ் ஓட்டம் மாதிரி. அது முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு ஒழுங்கான ஒரு தப்பை என்னால் வெறுக்க முடியவில்லை.

6

மூடி மூடியிருந்தது.

வெள்ளிக்கிழமை, மாலையின் அஸர் தொழுகை முடிந்த நேரம். வாசலில் உறவுக்காரர்கள், பட்டறை ஆட்கள், பக்கத்து வீட்டார். சஃப்ரீன் மசாலா தடவிய மீன் தட்டோடு வாசற்படிக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்தாள். உதுமானின் தம்பி காசிம் மூடியை மூடி, மேலே மல்லிகைச் சரத்தைச் சுற்றி, பேரீச்சம்பழத் தட்டை அதன்மேல் வைத்திருந்தார். திறந்து கிடந்தால் பார்க்க நன்றாக இல்லையாம்.

சஃப்ரீனுக்கு உறுத்தியது. சிலிண்டர் மூடித்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முகைதீன் ஹஜ்ரத் ஓதத் தொடங்கிவிட்டார். எல்லோரும் கைகளை ஏந்தினார்கள். அவளும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை ஏந்தினாள்.

காசிம் உள்ளேயிருந்து தூபக்காலைக் கொண்டுவந்தார். கரி சிவந்து கிடந்தது. சாம்பிராணிப் புகை வாசல் முழுக்கப் படர்ந்தது. பட்டறையில் செய்வது போல, ஓதி முடியும்போது அதை மெஷினின் காலடியில் வைப்பது அவர் வேலை.

அவள் அடுப்பைப் பார்த்தாள். மல்லிகைச் சரத்துக்குக் கீழே சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. நான்கும் சாய்ந்திருந்தன.

மூக்கை நம்ப முடியவில்லை. சாம்பிராணி, மல்லிகை, ஆட்களின் அத்தர். சத்தத்தையும் நம்ப முடியவில்லை, ஓதல் கேட்டது. ஆனால் பொட்டுகள் சாய்ந்திருந்தன. சிலிண்டரும் திறந்திருந்தால், மூடிய பெட்டிக்குள் கேஸ் நிரம்பும். அது காற்றைவிடக் கனம், மேலே போகாது. கொழுப்பு வடிகிற துளை வழியாக இறங்கித் தரையோடு தவழ்ந்து வரும். காசிம் சாச்சா கரியைத் தரையில்தான் வைக்கப் போகிறார்.

ஒருவேளை திறந்திருக்காது. ஒருவேளை யாரோ சும்மா திருகிப் பார்த்துவிட்டு விட்டிருக்கலாம். ஹஜ்ரத் இன்னும் சில வரிகளில் முடித்துவிடுவார். எல்லோரும் கண்களைத் தாழ்த்தியிருந்தார்கள். போனில் பேசிய உறவுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"சாச்சா, அங்கயே நில்லுங்க" என்றாள்.

காசிம் புரியாமல் இன்னும் ஓரடி வைத்தார்.

"நில்லுங்கன்னு சொல்லுதேன்ல. ஹஜ்ரத், நீங்களும் நிறுத்துங்க."

ஓதல் நின்றது.

அந்த வாசலில் அதற்கு முன் யாரும் ஓதலின் நடுவே பேசியதில்லை. அவள் ஆண்களுக்கு நடுவே நடந்து வந்தாள். காசிமின் கையிலிருந்து தூபக்காலை வாங்கிக்கொண்டு, காற்று வரும் திசைப் பக்கமாகவே நடந்து, கேட்டுக்கு வெளியே தெருவில் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஏதோ கோளாறு என்றதும் உஸாமாவின் கை பழக்கத்தில், வாசலில் கட்டியிருந்த சீரியல் பல்புகளின் ஸ்விட்சுக்குப் போனது.

"ஸ்விட்சத் தொடாதீங்க மச்சான். எல்லாரும் கேட்டுப் பக்கம் போயிருங்க. தயவுசெஞ்சு."

குரல் உயரவில்லை. அதனால்தான் உதுமானையும் ஹஜ்ரத்தையும் தவிர எல்லோரும் போனார்கள் என்று நினைக்கிறேன். அவள் குனிந்து சிலிண்டரைத் தொட்டாள். திறந்திருந்தது. மூடினாள். நான்கு திருகுகளையும் மூடினாள். நான்கு பொட்டும் உச்சிக்கு வந்தன. பேரீச்சம்பழத் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள். சரத்தைக் கழற்றினாள். பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைத் தூக்கினாள். இப்போது கேஸின் அழுகிய நாற்றம் எல்லோருக்கும் லேசாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சாம்பிராணி இன்னும் வாசலில் இருந்தது. சிலர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன புள்ள, ஒண்ணும் ஆவலயே?" என்றார் காசிம்.

ஒன்றும் ஆகவில்லை. அவளிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. கரி தெருவில் கிடந்தது, கேஸ் காற்றில் கரைந்துகொண்டிருந்தது. நடுவில் அறுந்து நின்ற ஓதல் மட்டும் எல்லோருக்கும் சாட்சியாக இருந்தது.

உதுமான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "துஆவ நிறுத்திட்டியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதைக் கேட்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"கேஸ் தெறந்திருந்துச்சு மாமா."

உறவுக்காரர்களில் ஒருவர், "வாசல்ல அடுப்பு வச்சா இப்படித்தான்" என்றார். இன்னொருவர் "அதான் அன்னைக்கே சொன்னோம்" என்றார்.

முகைதீன் ஹஜ்ரத் கையை உயர்த்தி அவர்களை அமர்த்தினார். வயதானவர், நிதானமானவர். இப்படி ஒரு காரியம் நடந்தால் யாரைக் கண்டிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது தன் கடமை என்று நினைக்கிறவர்.

"யாரும்மா தெறந்தது?" என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியும். நேற்று இதே இடத்தில் குனிந்து மாமனார் கேட்டது காதில் இருந்தது. அவரிடம் திருகைக் கொடுத்துத் திருப்பச் சொன்னவளே அவள்தான். பட்டறையில் போன வருஷம் புது மெஷின் வந்தபோது அவளும் போயிருந்தாள். நூலில்லாமல் ஓடிய ஊசியைப் பார்த்திருக்கிறாள்.

7

இங்கே நான் நின்றுவிட்டேன். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒளிக்காமல் காட்டுகிறேன்.

(அ) காசிம் நிற்கவில்லை. கரியைத் தரையில் வைத்துவிட்டார். அதன் பிறகு வந்த பக்கம் நன்றாகவே எழுத வந்தது. தார்ப்பாய், ஓலம், சிதறிய பேரீச்சம்பழம். அதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வார்கள். அதனாலேயே கிழித்துப் போட்டேன். ஒரு பெண் சொன்னது சரி என்று நீங்கள் நம்புவதற்கு நான் எத்தனை பேரை எரிக்க வேண்டும்? புல்வெளியில் பார்த்தவளுக்கு அது துரோகம். அவள் பற்றவைத்தால் ஒன்றும் நடக்கக் கூடாது.

(ஆ) "மாமாதான் தெறந்தாங்க" என்றாள். உண்மை. உறவுக்காரர்கள் உதுமானைப் பார்த்தார்கள். அவர் கையில் மல்லிகைக் காம்பு ஒன்று ஒட்டியிருந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச்—

இல்லை. அவர் போட்ட நிபந்தனை உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு மேல் இதை எழுதுவதில் ஒன்றுமில்லை.

(இ) "நாந்தான் தெறந்து வச்சிட்டு மறந்துட்டேன்" என்றாள். அவர் மரியாதை பிழைத்தது. கேட்பதற்கு அழகான முடிவு. வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் நாளைக்கு அந்த வாசலில் யார் நின்று வாங்கித் தின்பார்கள், கேஸைத் திறந்துவிட்டு மறந்துபோகிறவள் கையால்? தவிர, அந்தக் கைகளை நான் பார்த்திருக்கிறேன். அவை மறந்துவிட்டன என்று எழுத என் கை ஓடவில்லை. அந்த ஒரு பொய்யைச் சொன்னால் அவளிடம் இருக்கும் ஒரே சொத்தையும் கொடுத்துவிடுகிறாள்.

(ஈ) அவளும் அவரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றார்கள். ஹஜ்ரத் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒருத்தர் சொல்லுங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால் நம்பவில்லை.

8

அவள் என்ன செய்வாள் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, அவள் எப்போதும் என்ன செய்கிறாள் என்று யோசித்தேன். பற்றாமல் போன அடுப்பின் முன்னால் அவள் செய்வது ஒன்றுதான்.

"ஹஜ்ரத், மொதல்ல அடுப்பு அஞ்சு நிமிஷம் காத்து வாங்கட்டும்" என்றாள் சஃப்ரீன். "அது வரைக்கும் யாரும் கிட்ட வர வேண்டாம். அப்புறம் மத்ததப் பேசலாம்."

ஹஜ்ரத் ஒரு கணம் அவளைப் பார்த்தார். சரி என்று தலையசைத்து கேட்டுப் பக்கம் போய் மற்றவர்களோடு நின்றார்.

உதுமான் மட்டும் போகவில்லை. அடுப்புக்கும் கேட்டுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சேராமல் நின்றார். போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சஃப்ரீன் அடுப்பின் காற்றுப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வாஷி போகும் ரயில் ஒன்று கடந்தது. ரயில்வே கேட்டின் மணி அடித்து ஓய்ந்தது. மீன் தட்டின் மேல் யாரோ ஒரு துணியைப் போட்டார்கள். உதுமான் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். நான்கு சிவப்புப் பொட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு அப்போது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தோல் வெட்டுகிறவர், எந்தப் பொருள் எந்தப் பக்கம் வளையும் என்று பார்த்தே சொல்பவர். ஓட்டம் என்று நினைத்து எதை ஓடவிட்டோம், தம்பியின் கையில் என்ன இருந்தது, அது எங்கே வைக்கப்பட இருந்தது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கேட்பதாகிவிடும்.

நான் இந்தக் கதையிலிருந்து இங்கே விலகிக்கொள்கிறேன். அவர் பேசினால் அவருக்குத் தலை குனியும், அவளுக்கு அடுப்பு மிஞ்சும். பேசாவிட்டால் அவள் (ஆ)வையோ (இ)யையோ எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டிலும் அடுப்பு இல்லை. எனக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, அதைச் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் ஒன்று இருக்கும். என்னைப் போலவே உங்களுக்கும் அவரைத் தெரியும். சிரித்தபோது நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். அடுத்த வரி உங்களுடையது.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஐந்து நிமிடம் எப்போதோ ஆகிவிட்டது. உஸாமா போனில் நேரத்தைப் பார்த்துவிட்டு அதைப் பைக்குள் போட்டான். கேஸ் முழுக்கப் போய்விட்டிருந்தது. அது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

"இன்னுமா புள்ள?" என்று கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து காசிம் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் சாச்சா" என்றாள் சஃப்ரீன், மாமனார் பக்கம் திரும்பாமல்.